பாதியில் வைத்த டீ கிளாஸ்

என் அக்கா மகன் சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து பயிற்சி முடித்தான். மாவோயிஸ்டுகளைத் தேடுகிற சத்தீஸ்கர் காட்டுப் பகுதியான பஸ்தர் பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்ததும், கிளம்புவதற்கு முன்னால் அந்தியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். இருபத்து மூன்று வயது. ராத்திரி சாப்பிட்டு முடித்து வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். காட்டில் நடப்பது, மலேரியா, ராத்திரிக் காவல் என்று ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“மாமா, அங்க இருக்கற சனம் நம்ம பக்கம் வருதா, வரலையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? மக்கள் மனசை ஜெயிக்கணும்னு ட்ரெயினிங்ல சொல்றாங்க. ஜெயிச்சாச்சுன்னு எப்படித் தெரியும்னு யாரும் சொல்லலைங்க.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பெரிய அதிகாரிகள் எண்களால் பதில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்களை நம்பிப் போய் ரத்தம் சிந்தியதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து இதற்கு உருப்படியான பதில் சொன்ன ஆள் ஒருவர்தான். என் பெரியப்பா. அவர் பட்டாளத்திலும் இருந்ததில்லை, போலீஸிலும் இருந்ததில்லை. பர்கூர் மலையில் மளிகையும் டீயும் விற்ற கடைக்காரர். மறுநாள் விடிந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன்.

பெரியப்பாவின் கடை, அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டி மலையேறும் ரோட்டில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. தகரக் கூரை, முன்னால் ஒரு நீளப் பெஞ்சு, உள்ளே அரிசி, உப்பு, புகையிலை, தீப்பெட்டி, டார்ச் செல். வருகிறவர்கள் லிங்காயத்துக் குடியானவர்கள், சோளகர்கள், பர்கூர் மாடு மேய்க்கிறவர்கள். பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ். சிலர் சீமார்ப் புல்லும் கடுக்காயும் கொண்டுவந்து போட்டு அரிசி வாங்கிப்போவார்கள்.

1990கள் முழுக்க அந்த மலை இரண்டு பயங்களுக்கு நடுவில் கிடந்தது. சத்தியமங்கலம், பர்கூர், மாதேஸ்வரன் மலை, மேட்டூர்க் காடு எல்லாம் வீரப்பனைத் தேடுகிற காடு. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்த பிறகு தேடுதல் இன்னும் இறுகியது. காட்டிக்கொடுத்தான் என்று சந்தேகம் வந்தால் வீரப்பன் கூட்டம் உயிரோடு விடாது. சோறு போட்டான் என்று சந்தேகம் வந்தால் காக்கிக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள். வீரப்பன் கதையைக் கிளர்ச்சி என்று சொல்லலாமா, சந்தனமும் தந்தமும் கடத்திய கூட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான், அரசாங்கத்தைக் கவிழ்க்கும் திட்டத்தோடு காட்டுக்குள் போனவன் அல்ல அவன். ஆனால் மலையில் கடை வைத்திருந்தவனின் இடத்தில் நின்று பார்த்தால், பர்கூரும் காஷ்மீரும் பஸ்தரும் ஒன்றுதான். துப்பாக்கியோடு இரண்டு தரப்பு, நடுவில் சனங்கள். ஒருத்தர் அரிசி கேட்பார், இன்னொருத்தர் அரிசிக்குக் கணக்கு கேட்பார்.

பெரியப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். பையன் தன் கேள்வியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் கையை விரித்துக் காட்டினார்.

“எனக்குக் கணக்கெல்லாம் டீ கிளாஸ்தான் கண்ணு.”

நான் லீவில் வரும்போது என்னிடம் சொன்னதுதான். ஆனால் அன்று இன்னும் விளக்கமாகச் சொன்னார். வளைவில் ஜீப் சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் பூட்ஸ் சத்தம் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் ஓட மாட்டார்கள். ஓடுவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கிளாஸைப் பெஞ்சில் வைப்பார்கள். துண்டை உதறித் தோளில் போடுவார்கள். மாட்டை அவிழ்க்க மறந்துபோனது இப்போதுதான் ஞாபகம் வந்தது போல எழுந்து நடப்பார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, கொஞ்சம் இடைவெளி விட்டு. காக்கிக்காரர்கள் கடைக்கு வந்து சேரும்போது பெஞ்சு காலியாக இருக்கும். ஆனால் கிளாஸ்கள் இருக்கும். இரண்டு வாய் குடித்தது, பாதி குடித்தது, வாயே வைக்காதது. மேலே ஆடை படிந்து ஆறிக்கொண்டிருக்கும்.

“எட்டுப் பேரு உக்காந்திருந்தா எட்டு கிளாஸும் பாதியில இருக்கும். கழுவறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்ப்பேன். ஒரு வருசம் ஒரு ஆபீசர் வந்திருந்தாரு. அவரு வந்த புதுசுலயும் எட்டுதான். நாலு மாசம் கழிச்சு எட்டுல மூணு. அப்பறம் அவரு டீ கேட்டு அதே பெஞ்சுல உக்காருவாரு, எந்திரிச்சுப் போறவன் ஒருத்தனோ ரெண்டு பேரோதான். அவருக்கு மாத்தல் ஆச்சு. புது ஆளுங்க வந்து பதினஞ்சு நாள் ஆகலை, மறுபடி எட்டு.”

பையன் அதைக் குறித்துக்கொண்டான். நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். அந்த மூன்று கிளாஸைப் பார்த்துவிட்டு மேலே இருப்பவர் “நம் திட்டம் வேலை செய்கிறது” என்று எழுதியிருப்பார். வேலை செய்தது திட்டம் அல்ல, அந்த ஒரு மனுஷன். அவர் போனதும் அவரோடு போய்விட்டது. ஆகவே எந்த மாற்றத்தையும் ஒரு மாற்றல் உத்தரவு தாண்டிப் பார்க்கவேண்டும். ஆள் மாறிய பிறகும் டீயைக் குடித்து முடிக்கிறார்கள் என்றால்தான் அந்தப் பழக்கம் படைக்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லலாம்.

பெரியப்பா இன்னொன்றும் சொன்னார். கும்பிடு. பயம் ஏற ஏறக் கும்பிடு அதிகமாகும். கெட்ட வருஷங்களில் ஒன்பது வயதுப் பையன்கூட ஜீப்பைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டானாம். “கும்பிடறவனை வச்சுக் கணக்குப் போடாதீங்க. ‘சார், உங்க ஆளு எங்கோழியப் புடிச்சிட்டுப் போயிட்டாரு’ன்னு மூஞ்சிக்கு நேரா வந்து சொல்றான் பாருங்க, அவனை எண்ணுங்க.”

இதன் அருமை எனக்குக் காஷ்மீரில்தான் தெரிந்தது. 2000இலிருந்து இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் அங்கே இருந்தேன். எந்த யூனிட், எந்த ஊர் என்பது வேண்டாம். மக்களோடு நல்லுறவு வளர்க்க ராணுவம் 1998இல் தொடங்கிய சத்பாவனா திட்டத்தின்படி பள்ளிக்கூடம், தையல் வகுப்பு, மருத்துவ முகாம் என்று நிறையச் செய்தோம். நல்ல காரியங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காது வலியோடு வந்த குழந்தை சிரித்துக்கொண்டு திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். தப்பு எங்கே என்றால், அதை வைத்துப் போட்ட கணக்கில். ஒரு முகாமுக்கு முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மாத்திரை வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மக்கள் நம் பக்கம் என்று அறிக்கை போனது. பத்து நாள் கழித்து அதே ஊரின் பாதையில் கண்ணிவெடி வெடித்து எங்கள் ஆள் ஒருவனுக்குக் கால் போனது.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். முந்தின மூன்று நாளாக அந்தப் பாதையில் ஆடு வரவில்லை. வழக்கமாக எங்கள் செக்போஸ்ட் வழியாக வரும் ஆட்டுக்காரன், மேடு ஏறி ஒரு மைல் சுற்றிப் போனான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓடையைத் தாண்டி வந்தார்கள். ஷூ நனைந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. மாத்திரை வாங்க வந்த முந்நூறு பேரில் ஒருவர்கூட எங்களிடம் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சொன்னால் அவர்கள் வீட்டுக்கு ராத்திரி யார் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ராத்திரியில் காவலுக்கு நாங்கள் இருக்க மாட்டோம் என்றும் தெரியும்.

அதனால் பையனிடம் சொன்னேன்: சும்மா கொடுக்கிறதை வாங்க வருகிற கூட்டத்தை எண்ணாதே. வாங்குவதால் அவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. அவர்களுக்கு ஆபத்து உள்ள ஒரு காரியத்தை உன்னை நம்பிச் செய்கிறார்களா என்று பார். எதையாவது தவிர்க்கிறார்கள் என்றால் உடனே காரணம் தேடு. ஆடு, பிள்ளைகள், விறகு பொறுக்கும் பெண்கள், மூவரின் வழியும் மாறினால் வேறு அறிக்கை வேண்டாம்.

காஷ்மீரில் அந்தக் கண்ணிவெடிக்கு அப்புறம் ஒரு கிழவி வந்தாள். எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் பார்வைக்கு மறைக்கிறது என்று அவளுடைய வாதுமை மரத்தில் நான்கு பெரிய கிளைகளை வெட்டிப் போட்டிருந்தோம். அவள் அந்தக் கிளையில் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டு, காவலுக்கு நின்றவனைப் பார்த்துக் கத்தினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வேலியில் கை வைத்தால் அம்மாயி எப்படிக் கத்துவாளோ அதே சத்தம். எங்கள் சுபேதார் ஐயா வெளியே வந்து, நாற்காலி போடச் சொல்லி, மொழி தெரிந்த ஒருவரை வைத்து அரைமணி நேரம் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட விளக்கம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மரத்துக்கான பணம் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உடைந்த வேலிக்கு, இன்னொருவர் சோதனையில் சிதறிப்போன தானியத்துக்கு. அப்புறம் வரத்து நிற்கவில்லை. புதிதாக வந்த இளம் அதிகாரிக்குக் கவலை, இவ்வளவு புகார் வருகிறதே, மேலே கேட்டால் என்ன சொல்வது என்று. எனக்கு மட்டும் பெரியப்பா கடைக் கோழி ஞாபகம் வந்தது. நாங்கள் அனுப்பிய மாத அறிக்கையில் எத்தனை முகாம், எத்தனை கம்பளி, எத்தனை நோட்டுப்புத்தகம் என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. எத்தனை பேர் நம்மைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பிப் போனார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. என்னைக் கேட்டால் முதல் கட்டமே அதுதான் இருந்திருக்கவேண்டும்.

இந்தப் புகார் விஷயத்தில் நம் ஊர்க் கதையும் உண்டு. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். வீரப்பன் தேடுதலின்போது நடந்த கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது 2007இல். ஒரு மலைக்கார அம்மா இதையெல்லாம் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள்? வாயைத் திறந்தால் பதில் வர இத்தனை வருஷம் ஆகும் என்றுதான். அவள் உன்னிடம் பேசாமல் இருப்பதற்கு உன்னுடைய குற்றம் எதுவும் தேவையில்லை. உனக்கு முன்னால் காக்கி போட்டவன் செய்ததும் உன் கணக்கில்தான் வரும். இதைச் சொன்னபோது பையன் முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நான் வெல்லிங்டனில் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் ஒருவர், இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய்த் திரும்பி வந்தவர். 1987 ஜூலை இறுதியில் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள் என்பார். அக்டோபரில் அதே தெருக்களில் புலிகளோடு சண்டை. “மாலையை நம்பினோம்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் தமிழர். அந்தச் சனங்கள் முணுமுணுத்தது அவருக்குப் புரிந்தது, கூட இருந்த மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவர் சொல்லாமல் விட்டது எவ்வளவோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எண்களைப் பற்றிப் பையன் விடவில்லை. “எண்ணே வேண்டாம்னு சொல்றீங்களா மாமா? எண் இல்லாம எப்படிங்க மேல சொல்றது?” நியாயமான கேள்வி. எண் வேண்டும். ஆனால் யார் எழுதுகிறார், எதை எண்ணுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வியட்நாமில் அமெரிக்கர்கள் 1967இல் ஒரு பெரிய ஏற்பாடு செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கின்றன என்று மாதாமாதம் ஏ, பி, சி எனத் தரம் போட்டு, கணினியில் ஏற்றி, வரைபடம் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஓரளவு பாதுகாப்பான இடத்தில் இருப்பதாகக் கணக்கு வந்தது. 1968 ஜனவரிக் கடைசியில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் ஒரே சமயத்தில். தரம் போட்டவர் அந்த மாவட்டத்தின் ஆலோசகர். மாவட்டம் தேறினால் அவருக்கு நல்ல பெயர். மொழி தெரியாது, ராத்திரி அங்கே தங்கவும் மாட்டார். நம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே பரீட்சை எழுதி அவரே மார்க் போட்ட மாதிரி.

ஒரு எண் உண்டு, எனக்குப் பிடித்தது. வாடகை. மலைக்குக் கீழேயிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் லாரிக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பது பெரியப்பாவுக்கு மலையின் காய்ச்சலைச் சொல்லிவிடும். டீசல் விலை ஏறவில்லை, வாடகை மட்டும் ஏறுகிறது என்றால் டிரைவருக்கு ஏதோ காதில் விழுந்திருக்கிறது. குச்சிக்கிழங்கு ஏற்ற வரும் வண்டி பொழுதோடு வர மறுத்துக் காலையில்தான் வருவேன் என்றால், ராத்திரி யாருடைய ஊர் என்பது தெரிந்துவிடும். ஆப்கானிஸ்தானில் இதே மாதிரி, தூரத்திலிருந்து வரும் காய்கறியின் சந்தை விலையைக் கவனிக்கச் சொன்னார் டேவிட் கில்கல்லன் என்ற ஆஸ்திரேலிய ஆலோசகர். ரோட்டில் இருக்கும் பயமும் வசூலும் அந்த விலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இந்த எண்ணை யாரும் உன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொல்வதில்லை. அதனால்தான் அதை நம்பலாம்.

ராத்திரி என்றதும் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, ஞாபகம் வந்தது. 1996 லீவில் பெரியப்பா ஊருக்குப் போனபோது கோயில் நோம்பியை வெயிலோடு வெயிலாக மத்தியானமே முடித்துக்கொண்டார்கள். ராத்திரிப் பூசை இல்லை, கொட்டு மேளம் இல்லை. எல்லோரும் இருட்டுவதற்குள் வீட்டில் அடைந்துவிட்டார்கள். வீரப்பன் செத்து அடுத்த வருஷம், நான் பட்டாளத்திலிருந்து வந்துவிட்ட பிறகு, அதே கோயிலில் விடிய விடிய மேளம் கேட்டது. சின்னப் பெண்கள் டார்ச்சுகூட இல்லாமல் பாதையில் போய்வந்தார்கள். மக்கள் மனசு எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. பயம் போனதா என்பதைச் சொல்லும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டான். கண் வைத்தியத்துக்கு என்று ஆம்புலன்ஸில் வெளியே வரவழைத்த ஒற்று வேலை. ஊர் திரண்டு பிடித்துக் கொடுத்தது அல்ல. அதிரடிப்படைக்கு அது வெற்றி, அதில் மறுப்பில்லை. ஆனால் சனங்கள் மனசு மாறியதற்கு அதை அத்தாட்சியாகக் காட்ட முடியாது. மேட்டூர் பக்கம் மூலக்காட்டில் அவனை அடக்கம் செய்தபோது பெரும் கூட்டம். அதைக் காட்டிச் சனங்கள் அவன் பக்கம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வேடிக்கை பார்க்கப் போனவன், சாதிக்காகப் போனவன், பாவம் என்று போனவன், செத்தது நிஜமா என்று பார்த்துவிட்டு வரப் போனவன், எல்லோரும் அதில் இருந்திருப்பார்கள். கூட்டத்தைப் பார்த்து மனசைப் படிக்க முடியாது. முகாமுக்கு வருகிற கூட்டமும் அப்படித்தான், சாவுக்கு வருகிற கூட்டமும் அப்படித்தான்.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மலைக்கு ஏற்றுகிற அரிசிக்குக் கணக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ்காரர்கள் செய்ததும் இதுதான். நம் சனங்கள் நிறையப் பேர் தோட்ட வேலைக்குப் போன நாடு அது. 1950இலிருந்து பிரிக்ஸ் திட்டம் என்ற பெயரில், பெரும்பாலும் சீனர்கள், சுமார் ஐந்து லட்சம் பேரை வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். காட்டுக்குள் சாப்பாடு போகக் கூடாது என்று கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும். மிசோரமில் நம் அரசாங்கமே, அங்கே எழுந்த கிளர்ச்சியை அடக்க, 1967இலிருந்து ஊர்களைக் கலைத்து ரோட்டோரம் குடிவைத்தார்கள். அமைதி ஒப்பந்தம் வந்தது 1986 ஜூன் 30. பஸ்தரிலேயே 2005இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான இயக்கம், சல்வா ஜூடும் என்று ஊர்களைக் காலி செய்து முகாம்களில் அடைத்தார்கள். அதில் உள்ளூர்ப் பையன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது சட்டவிரோதம் என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீ போகிற ஊரில் நாற்பது வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் அது ஞாபகம் இருக்கும் என்று பையனிடம் சொன்னேன்.

மலாயாவில் ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தார்கள். 1953இல் மலாக்காவில் ஒரு பகுதியை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்து, அங்கே ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு பகுதியாக விரித்தார்கள். என்னுடைய அளவுகோல் இதுதான். போன வருஷம் இருந்த எந்தக் கட்டுப்பாட்டை இந்த வருஷம் உன்னால் எடுக்க முடிந்தது? எடுத்த பிறகு அமைதி நின்றதா? சோதனைச் சாவடி கூடிக்கொண்டே போகிறது, அறிக்கையில் மட்டும் முன்னேற்றம் என்றால், அந்த முன்னேற்றம் சாவடியில் நிற்கிறவனின் துப்பாக்கியில்தான் இருக்கிறது.

தகவல் பற்றியும் சொல்லவேண்டும். காஷ்மீரில் இருந்த இரண்டாவது வருஷம் ஒரு இளைஞன் எங்களிடம் ஒரு சேதி சொன்னான். பணம் கேட்கவில்லை. அதனால் பெரிய ஆபத்து ஒன்று தப்பியது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? குடியரசு தின விழாவில் ஊர் முன்னால் அவன் அம்மாவுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். அடுத்த மாதம் அவன் ஊரில் இல்லை. எங்கே போனான் என்று வீட்டில் சொல்லவில்லை, எங்களைப் பார்க்கவும் விரும்பவில்லை. அதற்கு அப்புறம் அந்த ஊரிலிருந்து சேதி என்று ஒன்றுமே வரவில்லை. அது எங்கள் தப்பு. மெஷின் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அம்மா மெஷினைத் தொடாமல் நின்றது கண்ணில் இருக்கிறது.

எத்தனை தகவல் வந்தது என்று எண்ணுவதைவிட, சொன்ன ஆளே இரண்டாவது தடவை வந்தாரா, ஒரு வருஷம் கழித்தும் அதே வீட்டில் குடியிருக்கிறாரா என்று பார்ப்பது மேல். காசுக்கு வருகிற தகவலில் பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் கலந்திருக்கும். யார் மேல் சொல்கிறார், அவருக்கும் இவருக்கும் நிலம் ஒட்டி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்.

யாரிடம் கேட்பது என்றான். நாம் நாற்காலி போட்டு உட்கார வைத்த ஊர்ப் பெரியவரிடம் கேட்டால் நாம் சொன்னதே திரும்பி வரும். பஸ் கண்டக்டர், நர்ஸம்மா, கடைக்காரர், சந்தையில் தரகு பார்க்கிறவர், இவர்களிடம் பேசு. கேள்வியாகக் கேட்காதே. மாடு என்ன விலை போகிறது என்று பேச்சைத் தொடங்கு. அங்கே கோண்டி பேசுவார்கள். இந்தி தெரிந்தவன் சொல்வதை மட்டும் கேட்டால் ஊரில் பாதிதான் கேட்கும், அதிலும் பெண்கள் பேச்சு வந்து சேரவே சேராது. முதல் மாதத்திலேயே நாற்பது வார்த்தை கற்றுக்கொள் என்றேன். பெரியப்பா குறுக்கே வந்து, “ஒறம்பரை வீட்டுக்குப் போனா எப்படிப் பேசுவியோ அப்படிக் கத்துக்கோ கண்ணு. தண்ணி, சோறு, வலி, புள்ளை. இது நாலும் மொதல்ல” என்றார்.

பையன் போய் நான்கு மாதம் ஆகிறது. சிக்னல் கிடைக்கும்போது பேசுவான். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். வாரச் சந்தையில் டீக்கடை ஒன்று இருக்கிறதாம். இவர்கள் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிடுகிறார்களாம்.

“கிளாஸ் எண்ணுனியா?”

“எண்ணுனேனுங்க மாமா. ஆறு பேரு இருந்தாங்க, ஆறும் பாதியிலதான்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “ஆனா ஒண்ணுங்க. நேத்து ஒரு அம்மா கேம்புக்கே வந்துச்சு. எங்க ஜெனரேட்டர் எண்ணெய் அவங்க வயலுக்குள்ள வடியுதுன்னு சத்தம் போட்டுச்சு. எனக்கு நாலஞ்சு வார்த்தை புரிஞ்சுதுங்க.”

“அதுக்கு என்ன பண்ணுனாங்க?”

“தெரியலைங்க மாமா. நாளைக்கு அந்தப் பக்கம் டூட்டி இருக்குது. வாய்க்கால் வெட்டி விட்டாங்களான்னு பாத்துட்டுச் சொல்றேனுங்க.”